இரண்டு சங்கத்துக்கும் ஒரே நுஸ்ரத்

நுஸ்ரத் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஒரு காலத்தில் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், சுருளிவேல் வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று யாராவது பிறகு கிளப்பிவிடுவார்கள். வயிற்றெரிச்சல் இருந்தது உண்மைதான். இரண்டு வருஷம் நன்றாகவே எரிந்தது.

நான் போடியில் இருபத்தேழு வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன். விடிகாலையில் ராசிங்காபுரம் மாதிரியான ஊர்களுக்குப் போய், ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் தாண்டி, பதினேழு வளைவும் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட வேண்டும். சாயங்காலம் அதே பெண்களைத் திரும்ப வீட்டில் சேர்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்கிற ஜீப்புகள் முப்பத்தெட்டு. அவற்றுக்கு ஒரு ஓட்டுநர் சங்கம். அதற்கு ஆறு வருஷம் நான்தான் செயலாளர்.

எங்களைத் தவிர இன்னொரு அமைப்பும் உண்டு. பெயர் தோட்டப் பயணக் குழு. ஒன்பது ஊர்த் தொழிலாளர்களின் பிரதிநிதிகள் அதில் இருக்கிறார்கள். அடுத்த வாரம் எந்த ஊரிலிருந்து எந்தத் தோட்டத்துக்கு எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று திட்டம் போடுவது அவர்கள் வேலை. அவர்கள் திட்டம் போடுவார்கள், நாங்கள் வண்டி ஓட்டுவோம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பில் ஒரு நாள் அறுபது பேருக்குப் பதினொரு ஜீப்பு போய் நிற்கும். மறுநாள் நூற்றிருபது பேர் ரோட்டில் நிற்பார்கள், நாலு ஜீப்புதான் போகும். குற்றம் யாருடையது என்று கேட்டால் அவர்கள் எங்களைக் காட்டுவார்கள், நாங்கள் அவர்களைக் காட்டுவோம்.

நான் கோபக்காரன். ஒரு முறை குழுவிலிருந்து பட்டியல் வரவில்லை என்ற ஆத்திரத்தில், ராசிங்காபுரத்துக்கு ஒரு வண்டியும் போகக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டேன். ஐம்பது பெண்கள் இரண்டு மணி நேரம் முக்கில் நின்று பார்த்துவிட்டு, தூக்குவாளியோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். பட்டியல் முந்தின நாளே வந்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் வண்டியின் சீட்டுக்கு அடியில் கிடந்தது. அந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பதிலாக வேறு ஆள் பார்ப்பது என்று சங்கம் கூடி முடிவு செய்துவிட்டது.

அதே ஞாயிற்றுக்கிழமை, ராசிங்காபுரம் சமுதாயக்கூடத்தில் பயணக் குழுவும் தன் செயலாளரை மாற்றக் கூடியிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கும் எங்கள் கூட்டம் தெரியாது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் ஒரு சால்வையோடு ஜீப் ஸ்டாண்டை ஒட்டிய ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். அங்கே பயணக் குழுவின் மருதாயி தலைமையில் ஏழெட்டுப் பெண்கள் இன்னொரு சால்வையோடு நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டமும் ஆளைக் கேட்காமல் ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தன. கடைக்குள்ளே நுஸ்ரத் யாருடைய ஆதார் அட்டையையோ நகலெடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பெயர் தோன்றியதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் புகார்க் கடிதத்தைக் காலையில் டைப் செய்வது அவர். அதற்கு அவர்கள் எழுதும் பதிலை மத்தியானம் டைப் செய்வதும் அவர். நாங்கள் திட்டிய திட்டு முழுக்க அவருக்குத் தெரியும், அவர்கள் எங்களைத் திட்டியதும் தெரியும். ஆனால் 'அவங்க என்ன எழுதுனாங்க' என்று கேட்டால், 'லெட்டரு வரும்போது பாருங்கண்ணே' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிப்பார். இப்படி வாயைக் கட்டினவர்கள் போடி ஜீப் ஸ்டாண்டில் வேறு யாரும் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நுஸ்ரத்துக்கு இப்போது நாற்பத்து நாலு வயது. போடியிலேயே பிறந்து போடியிலேயே வாழ்க்கைப்பட்டவர். அவருடைய அத்தா உதுமான் ஏலக்காய் வியாபாரி. பெரிய வியாபாரி என்று சொல்ல முடியாது. சின்னத் தோட்டக்காரர்களிடம் காய் வாங்கி, தரம் பிரித்து, ஏலத்துக்கு அனுப்புகிறவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூட்டைகளின் மேல் தோட்டத்தின் பெயரும் லாட் நம்பரும் எழுதுவது நுஸ்ரத்தின் வேலை. மலையில் ஒருநாள்கூடக் கால் வைக்காத வயதிலேயே அவருக்கு எல்லாத் தோட்டங்களின் பெயரும் மனப்பாடம். பன்னிரண்டாவது முடித்தார். ஆரிபைக் கட்டிக்கொண்டார், பிறகு ஸ்டாண்டை ஒட்டி இந்த ஜெராக்ஸ் கடையைப் போட்டார். ஆரிப் பேட்டரிக் கடையில் மெக்கானிக். எங்கள் ஜீப்புகளில் பாதிக்கு பேட்டரி மாட்டியவர் அவர்தான். மகள் முஸ்கான் தேனியில் கல்லூரியில் படிக்கிறாள்.

அன்றைக்குக் கடை வாசலில் இரண்டு சால்வைகளையும் பார்த்துவிட்டு நுஸ்ரத் கையிலிருந்த ஆதார் நகலை உரியவரிடம் கொடுத்து அனுப்பினார். பிறகு, "ரெண்டும் பாக்குறேன். இல்லாட்டி ரெண்டும் வேணாம்" என்றார்.

எங்கள் பொருளாளர் அழகுமலைக்கு இது பிடிக்கவில்லை. "அதெப்பிடித் தங்கச்சி? ரெண்டு பக்கமும் ஒரே ஆளு இருந்தா யாருக்காகப் பேசுவ?" என்று கேட்டார்.

"பேசுறதுக்கு நீங்க எல்லாரும் இருக்கீகளேண்ணே. ஒங்களுக்குத் தனித் தலைவரு, அவங்களுக்குத் தனித் தலைவரு. கூட்டம் தனித்தனி, முடிவும் தனித்தனி. வேலையப் பாக்குறது மட்டும் நான். பட்டியலப் போட்ட கையே வண்டியையும் அனுப்புனா, ஆளு ஒரு எடத்துலயும் வண்டி ஒரு எடத்துலயும் நிக்காதுல்ல?"

கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். ஜீப் ஸ்டாண்டு மாடியில் உள்ள எங்கள் சங்க அறையில் நாங்கள் பேசுவது ராசிங்காபுரத்துக்குப் போகாது, ராசிங்காபுரத்தில் பேசுவது மாடிக்கு வராது. யார் கேட்டாலும் சொல்ல மாட்டார். சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் அன்றைக்கே இரண்டு பதவியையும் விட்டுவிடுவார். சரி என்று இரண்டு தரப்பும் தலையாட்டினோம். சால்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள். வெயிலில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு மாதிரிச் சிரிப்போடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு அமைப்புக்கும் இடையில் எது நடந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அதை நுஸ்ரத் மாற்றவில்லை. ஆகவே பயணக் குழுவின் செயலாளர் நுஸ்ரத், ஓட்டுநர் சங்கத்தின் செயலாளர் நுஸ்ரத்துக்குக் கடிதம் எழுதுவார். 'தங்கள் வண்டி நேற்று இருபது நிமிடம் தாமதமாக வந்தது, விளக்கம் தேவை' என்று கேட்டிருப்பார். சங்கத்தில் எங்களிடம் விசாரித்துவிட்டு, 'டயர் பஞ்சர், வருந்துகிறோம்' என்று தமக்குத் தாமே பதிலும் எழுதுவார். ஒரு தடவை தம்முடைய பதில் திருப்தியாக இல்லை என்று தமக்கே மறு கடிதம் போட்டார். அந்தக் கோப்பை ஸ்டாண்டில் எல்லோரும் வாங்கிப் படித்துச் சிரிப்போம். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

சிரித்தோமே தவிர, வேலை நடந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஆள் கணக்கு வாட்ஸப்பில் வந்துவிடும். ஏழரைக்கு எந்த வண்டி எந்த ஊர் என்று எங்களுக்கு வந்துவிடும். காலையில் எந்த ஊரிலும் ஆள் நிற்கவில்லை, எந்த வண்டியும் காலியாக ஏறவில்லை. முன்பெல்லாம் காலையில் ஸ்டாண்டில் ஒரு சண்டையாவது போடாமல் எனக்கு டீ இறங்காது. இப்போது சண்டைக்கு ஒரு காரணமும் கிடைக்காமல் வெறும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. இதையும் வயிற்றெரிச்சலோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆடி மழையில்தான் வினை வந்தது. பூப்பாறைக்கு முன்னால் ஒரு பெரிய தோட்டம் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து காய் உலர்த்தும் ஸ்டோர் வரை மூன்றரை கிலோமீட்டர் மண்பாதை. ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில் ஒரு குருசடி, அதாவது சிலுவை நட்ட சின்னக் கோயில். இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் ஏறினால் ஓடைக்குக் குறுக்கே ஒரு சப்பாத்துப் பாலம். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டரில் ஸ்டோர். மழை அந்தப் பாதையை அரித்துத் தின்றுவிட்டது. ஸ்டோருக்குப் பக்கத்தில் அழகுமலையின் ஜீப்பு பள்ளத்தில் இறங்கி ஆக்சில் முறிந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் மறுநாள் எங்கள் சங்கம் கூடி, இனி மெயின் ரோட்டோடு சரி, உள்ளே ஒரு அடி போக மாட்டோம் என்று அறிவித்துவிட்டது.

மூன்றரை கிலோமீட்டர் மேட்டில் நடந்தால் ஒரு மணி நேரம். எட்டு மணிக்குள் ஸ்டோரில் பெயர் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்டோர் வாசலில் இறக்கிவிடாத ஜீப்பில் ஏறவே மாட்டோம் என்று மருதாயி ஆட்கள் அறிவித்தார்கள். காய் பழுத்து நிற்கிற நேரம். அந்தத் தோட்டத்துக்கு மட்டும் ஒன்பது ஜீப்பு, நூறு பெண்கள். எல்லாம் நின்றுபோனது.

நுஸ்ரத் என்ன செய்தார் தெரியுமா? ஒரு நாள் கடையை ஆரிபிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் ஏறிப் போய் மெயின் ரோட்டில் இறங்கி, மழைக்கோட்டோடு ஸ்டோர் வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். ஐம்பத்தெட்டு நிமிடம் என்று நோட்டில் எழுதினார். கணுக்காலில் அட்டை கடித்த இடம் நாலு நாள் வீங்கிக் கிடந்தது. திரும்பி வந்ததும் இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கூட்டி, வெளியே சொல்வதை விட்டுவிட்டு, கடைசியாக எதற்கு ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டார். நாங்கள் மாடியில் இரண்டு மணி நேரம் பேசி, கடைசிப் பட்சமாகச் சப்பாத்து வரை போகலாம் என்று முடிவு செய்தோம். அதற்கு மேலேதான் ஆக்சில் முறிகிற பள்ளம். அதை நுஸ்ரத் எங்கள் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த நாள் ராசிங்காபுரத்தில் அவர்களுடைய கடைசிப் பட்சத்தை அவர்களுடைய நோட்டில் எழுதிக்கொண்டார்.

அது என்ன என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, அவய்ங்க எதுக்குச் சரின்னாய்ங்க? எங்கிட்ட மட்டும் சொல்லு. நான் யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"வேணாம்ண்ணே."

"முழுசாச் சொல்ல வேணாம். ஸ்டோருலயே நிக்காய்ங்களா, எறங்கி வந்துட்டாய்ங்களா, அத மட்டும் சொல்லு."

"மருதாயி அக்காவும் நேத்து இதே ஸ்டூல்ல ஒக்காந்து இதத்தான் கேட்டாங்க. அவங்ககிட்டயும் சொல்லல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீ எங்க சங்கத்துச் செயலாளரு. எங்க ஆளு."

"ஆமாண்ணே. ஒங்க ஆளுதான். அதான் நீங்க பேசுனத அங்க சொல்லல." பிறகு என் முகத்தைப் பார்த்து, "எனக்கு இந்த ரெண்டு சோலியும் ரொம்பப் பிடிச்சுருக்குண்ணே. வீட்டுல சோறு வடிக்கும்போதுகூட எந்த ஊருக்கு எத்தன வண்டின்னுதான் மனசுல ஓடும். இத விட்டுட்டு வெறும் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு இருக்க எனக்கு முடியாது. அதுனால என்னையச் சொல்ல வைக்காதீங்க" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். அவர் கெஞ்சினார் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு போடியில் ஒரு மண்டபத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்து கூடினோம். நடுவில் மேஜை. நுஸ்ரத் இரண்டு நோட்டையும் மூடி வைத்துவிட்டு, இரண்டு சின்னத் துணிப்பைகளை எடுத்து வைத்தார். ஏலத்துக்கு மாதிரிக் காய் கொண்டுபோக அவருடைய அத்தா வைத்திருந்த பைகள். எட்டு ஏலக்காயையும் எடுத்து வைத்தார். நல்ல பெருங்காய், பச்சை குறையாதது.

"ஆளுக்கு நாலு காயி" என்றார். "மெயின் ரோடுன்னா ஒரு காயி. குருசடின்னா ரெண்டு. சப்பாத்துன்னா மூணு. ஸ்டோருன்னா நாலு. சங்கத்துக்குச் சுருளி அண்ணே, குழுவுக்கு மருதாயி அக்கா. மறைவாப் போயி, ஒங்க கடைசி முடிவு எதுவோ அத்தன காயப் பையில போட்டுக் கட்டிக் கொண்டாங்க. ரெண்டையும் ஒண்ணாத் தட்டுல கொட்டுவோம். எழுத்துல வேணாம். படிக்கத் தெரியாதவுகளும் எண்ணிப் பாத்துக்கலாம்."

"எண்ணிக்க வேற வேறயா வந்தா?" என்று அழகுமலை கேட்டார்.

"பொம்பளைக கேக்குறது தூரமாவும் ஜீப்பு வர்றது கம்மியாவும் இருந்தா, நான் தோத்தேன். ரெண்டு பதவியையும் இங்கேயே எழுதிக் குடுத்துட்டுப் போறேன். நீங்க பழையபடி லெட்டர் போட்டுச் சண்ட போட்டுக்கலாம்." கொஞ்சம் நிறுத்தி, "ஜீப்பு வர்றது பொம்பளைக கேக்குறத விடத் தூரமா இருந்தா, ஜீப்பு சொன்ன எடந்தான்" என்றார்.

மண்டபமே சிரித்தது. கேட்டதைவிட அதிக தூரம் போகிறேன் என்று எந்த ஜீப்காரன் சொல்லியிருக்கிறான்? எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான். மருதாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நடக்கவே நடக்காத விஷயத்துக்கு யார் மறுப்புச் சொல்வார்கள்? இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். நுஸ்ரத் மட்டும் சிரிக்கவில்லை.

கதவுக்குப் பின்னால் நின்று நான் காயை எடுக்கும்போது அழகுமலை காதைக் கடித்தார். "ரெண்டு போடு மாப்ளே. குருசடியோட நிப்பாட்டிருவோம்."

எனக்கும் ஆசைதான். ஆனால் மருதாயி லேசில் இறங்குகிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். "ரெண்டு போட்டு அவய்ங்க மூணு போட்டாய்ங்கன்னா? பூராம் போச்சு" என்றேன். மூன்று காயைப் போட்டுக் கட்டினேன்.

இரண்டு பைகளையும் நுஸ்ரத் எவர்சில்வர் தட்டில் கொட்டினார். எங்கள் பக்கம் மூன்று. அவர்கள் பக்கம் இரண்டு.

நான் மறுபடி எண்ணிப் பார்த்தேன். ஐந்து காயை எத்தனை தடவை எண்ணினாலும் அதேதான் வரும். குருசடியில் இறக்கிவிட்டாலே போதும் என்று சொல்லத் தயாராக வந்த பெண்களுக்கு, நாங்களாகவே சப்பாத்து வரை வண்டியை எழுதிக் கொடுத்திருந்தோம். பெண்கள் பக்கம் முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நுஸ்ரத் இரண்டு நோட்டிலும் எழுதத் தொடங்கினார்.

கூட்டம் கலைந்ததும் நான் அவரை வழிமறித்தேன். "ஒனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்ண்ணே. ரெண்டு ரூம்லயும் இருந்தது நான் ஒருத்திதான."

"தெரிஞ்சுதான் அந்த ரெண்டாவது ஷரத்தச் சேத்த."

அவர் மறுக்கவில்லை. "நான் யார்ட்டயாச்சும் ஒரு வார்த்த சொன்னேனா?"

"சொல்லல."

"நீங்க போட்ட காயில ஒண்ணு கூட்டுனேனா?"

"இல்ல."

"நீங்க வர்றேன்னு ஒத்துக்கிட்ட எடத்துக்கு மேல ஒரு அடி ஒங்கள வரச் சொல்லலண்ணே. அம்புட்டுத்தான்."

பதில் சொல்ல முடியாதபோது எனக்குக் கோபம் இரண்டு மடங்கு வரும். அன்று சாயங்காலமே ஒரு தீர்மானம் எழுதினேன். இரு அமைப்புகளிலும் ஒரே சமயத்தில் பொறுப்பு வகிக்கும் ஒருவர் நம் சங்கத்தின் செயலாளராக நீடிக்கக்கூடாது. முன்மொழிபவர் சுருளிவேல். வருஷாந்திரக் கூட்டம் அடுத்த மாதம். அழகுமலை தயாராக இருந்தார், எண்ணிப் பார்த்தால் இருபது கைக்குக் குறையாது. ஒரு சிக்கல்தான். தீர்மானத்தை டைப் செய்து முப்பத்தெட்டுப் பேருக்கும் அனுப்ப வேண்டியது செயலாளர். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். முகம் சின்னதாகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து டைப் செய்தார். நிகழ்ச்சி நிரலில் மூன்றாவதாகச் சேர்த்து, அன்றைக்கே எல்லோருக்கும் அனுப்பினார். தாமதிக்கக்கூட இல்லை.

மறு வாரம் வண்டி ஓடத் தொடங்கியது. முதல் நாள் சப்பாத்தில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினேன். பெண்கள் மேலே ஏறிப் போனார்கள். மருதாயி மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டு வண்டிப் பக்கத்தில் நின்றார். நல்ல சாரல். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

"மூணு காயி போட்டியே சுருளி. ஒனக்கு இம்புட்டு நல்ல மனசு இருக்குன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு. எங்க பிள்ளைக ஒன்னைய வாழ்த்திக்கிட்டுப் போகுதுக."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாங்கத் தகுதியில்லாத வாழ்த்தை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "யக்கா, பொய் சொல்ல மாட்டேன். நீங்க ரெண்டு போடுவீகன்னு தெரிஞ்சிருந்தா நானும் ரெண்டுதான் போட்டுருப்பேன். ஒங்களக் கீழேயே எறக்கிவிட்டுட்டுப் போயிருப்பேன்" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். மருதாயி வெற்றிலையை வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"தெரியாதா எனக்கு? நீ மூணு வர எறங்கி வருவேன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா மட்டும்? மூணுக்கு வந்தவன் நாலுக்கு வர மாட்டானான்னு பிடிச்ச பிடியில நின்னுருப்பேன். நீயும் வந்திருக்க மாட்ட. ரெண்டு பேரும் இன்னும் ரோட்டுலதான் நின்னுக்கிட்டு இருப்போம்" என்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு, "சாந்தரம் வெரசா வா. மழ வரும்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

அங்கேயே வண்டிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நுஸ்ரத் என்னிடம் சொல்லியிருந்தால் நூறு பெண்கள் தினமும் இரண்டரை கிலோமீட்டர் நடந்திருப்பார்கள். மருதாயியிடம் சொல்லியிருந்தால் ஒன்பது ஜீப்பு இன்னும் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருக்கும். யாரிடமும் சொல்லாததால் இரண்டும் நடக்கவில்லை. ஒன்பது நாள் இரண்டு பேரின் ரகசியத்தையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரின் திட்டையும் வாங்கிக்கொண்டு, அவர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அரை நாள் தாங்கியிருக்க மாட்டேன்.

வருஷாந்திரக் கூட்டத்தில் முதல் இரண்டு விஷயங்களும் சீக்கிரம் முடிந்தன. மூன்றாவதை நுஸ்ரத்தே வாசித்தார். "செயலாளரை நீக்கக் கோரும் தீர்மானம். முன்மொழிபவர் சுருளிவேல்." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

நான் எழுந்து, "வாபஸ் வாங்குறேன்" என்றேன்.

அழகுமலை துள்ளினார். "என்ன மாப்ளே இது? நம்மள ஏமாத்தி ஒன்றரை கிலோமீட்டரு கூட ஓட வச்சுருக்கு அந்தப் பிள்ள. நீதான எழுதுன?"

"நாந்தேன் எழுதுனேன். நம்ம போறேன்னு முடிவு பண்ணுன எடம் சப்பாத்து. போறதும் சப்பாத்து. இதுல ஏமாத்து எங்கய்யா இருக்கு? அவுக நடக்கட்டும்னு நெனச்சோம், அது நடக்கல. அந்த வருத்தந்தான் நமக்கு."

நான் உட்காரவில்லை. "இன்னொண்ணும் சொல்லிர்றேன். ரெண்டு பக்கமும் ஒரே செயலாளருங்குறது இப்ப ஏதோ சால்வ குழப்பத்துல வந்ததா இருக்கு. அத நம்ம விதியில எழுதிருவோம். நம்ம கடைசி முடிவு தெரிஞ்ச ஒருத்தரு, அவுக கடைசி முடிவும் தெரிஞ்ச ஒருத்தரு, வாயத் தொறக்காத ஒருத்தரு. அது நானும் இல்ல, நீயும் இல்ல" என்றேன்.

அந்த விதிக்குக் கை தூக்கச் சொன்னார்கள். முப்பத்தொரு கை. அழகுமலை கடைசியில், முதுகைச் சொறிகிற மாதிரி ஒரு கையை மேலே கொண்டுபோனார். முப்பத்திரண்டு என்று எண்ணிக்கொண்டோம்.

நுஸ்ரத் நோட்டில் எழுதினார். எழுதியதை எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டியது செயலாளர் வேலை. வாசித்துக்கொண்டே வந்தவர், 'சுருளிவேல் முன்மொழிய' என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "மன்னிச்சுக்கங்கண்ணே, திருப்பி வாசிக்கிறேன்" என்று சொல்லி, முதலிலிருந்து வாசித்தார். அந்த நாற்காலி என் கையை விட்டுப் போனதற்கு முதல்முறையாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.